பேய்ப் படங்களை ஆய்வு செய்யத் தொடங்குவோருக்கு: வேலூரிலிருந்து ஒரு வழிகாட்டி

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, வாணியம்பாடி எனப் பழைய வட ஆற்காட்டுப் பரப்பில் தமிழோ ஆங்கிலமோ காட்சித் தொடர்பியலோ படித்துக்கொண்டு, முதுகலை ஆய்வேட்டுக்கோ கருத்தரங்கக் கட்டுரைக்கோ பேய்ப் படங்களை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பேய்ப் படத்தில் ஆராய என்ன இருக்கிறது என்று நெறியாளர் தயங்கினால், ஜெர்மானிய மௌனப் படங்களில் வரும் கொடியவர்களையும் தூக்கத்தில் நடப்பவர்களையும் வைத்து, ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியின் மனநிலையை விளக்கச் சீக்ஃபிரீட் கிராக்கவர் 1947-லேயே ஒரு முழு நூல் எழுதிவிட்டார் என்று சொல்லுங்கள். 1970களின் இறுதியிலிருந்து இது தனித்துறையாகவே வளர்ந்து வருகிறது. ஆனால் அந்தத் துறையின் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பியப் படங்களைப் பார்த்து உருவானது. அதன் கருவிகளைக் கொண்டுவந்து தமிழ்ப் பேயிடம் வைத்தால் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது. பொருந்தாத அந்தப் பாதியில்தான் உங்கள் ஆய்வு இருக்கிறது என்பது என் கருத்து. அதைக் கண்டுகொள்வதில் இந்த வட்டாரத்தில் வளர்ந்தவருக்கு உள்ள வசதி, சென்னையில் பெரிய நூலகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவருக்கும் வாய்க்காது.

கேள்வியைச் சுருக்குதல்

நவீனப் பேய்ப் படங்களின் பண்பாட்டுப் பொருள் என்று தலைப்பு வைத்தால் ஆயுள் முழுவதும் எழுதினாலும் முடியாது. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அது திரையில் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் சரிபார்க்கக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். வீட்டில் பேயை முதலில் பார்ப்பது யார், அவர் சொல்வதை நம்ப மறுப்பது யார்? பேய் குடியிருப்பது பங்களாவிலா, கிணற்றிலா, தவணையில் வாங்கிய அடுக்குமாடி வீட்டிலா? பேயை ஓட்டி அனுப்புபவர் பூசாரியா, மருத்துவரா, இருவருமா? இப்படிப்பட்ட கேள்விகள் பார்வைக்குச் சிறியவை. விடை தேடத் தொடங்கியதும் சாதி, சொத்து, திருமணம் என்று தாமாகவே விரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1993-இல் வந்த 'மணிச்சித்ரதாழ்' மலையாளப் படத்தில், நாயகியின் உடலில் பேசும் நாட்டியக்காரி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டவள். அவள் பேசுவது தமிழ். அந்தக் கதை 2005-இல் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தபோது நாட்டியக்காரி விஜயநகரத்துக்காரியாகித் தெலுங்கு பேசினாள். 2007-இல் இந்திக்குப் போனபோது வங்காளம் பேசினாள். கதை ஒன்றே, ஆனால் ஒவ்வொரு மொழியும் தன் பேயைப் பக்கத்து மொழிக்காரியாக்கிக் கொள்கிறது. பேய் பேசும் மொழி எது என்ற ஒற்றைக் கேள்வியை வைத்தே ஓர் ஆய்வேடு எழுதலாம். அதிலும் ஆந்திர எல்லையை ஒட்டிய நம் பகுதியில், வீட்டில் தெலுங்கு பேசி வெளியில் தமிழ் பேசும் குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அந்த வீட்டுப் பாட்டி ஒருவருக்குச் சந்திரமுகியின் பேச்சு வேற்றுமொழி மிரட்டலாக ஒலித்திருக்குமா, சமையலறைப் பேச்சாக ஒலித்திருக்குமா என்று கேட்டுப் பார்ப்பது மதுரையிலோ நாகர்கோவிலிலோ இருப்பவருக்கு அவ்வளவு எளிதாக அமையாது.

படங்களைத் தேர்ந்தெடுத்தல்

முதல் ஆய்வுக்கு மூன்று படங்கள் போதும். ஒன்று பலரும் பார்த்த வெற்றிப் படமாகவும், மற்றொன்று அதே கேள்விக்கு எதிரான விடை தரும் படமாகவும், மூன்றாவது வேறு மொழியிலிருந்தோ வேறு காலத்திலிருந்தோ வந்ததாகவும் இருந்தால் ஒப்பிட இடம் கிடைக்கும். உங்களுக்கு மிகவும் பிடித்த படத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதைக் குறை சொல்ல மனம் வராது. ஓடிடியில் பார்ப்பதாக இருந்தால் எந்தத் தளம், எவ்வளவு நேரம் ஓடும் பதிப்பு, எந்த மொழி ஒலித்தடம் என்பதை முதல் நாளே குறித்து வையுங்கள். தளத்துக்குத் தளம் நீளம் மாறுவதும், தொலைக்காட்சிப் பதிப்பில் காட்சிகள் காணாமல் போவதும் சகஜம்.

பார்க்கும் முறை

முதல் முறை குறிப்பேடு இல்லாமல், விளக்கை அணைத்துவிட்டு, இடையில் நிறுத்தாமல் பாருங்கள். பயம் முதல் பார்வையில் மட்டுமே கிடைக்கும். அதை வீணாக்கினால் திரும்பக் கிடைக்காது. படம் முடிந்ததும், எங்கே பயந்தீர்கள், எங்கே சிரித்தீர்கள், எங்கே சலித்தீர்கள் என்பதை மட்டும் அரைப் பக்கம் எழுதுங்கள். பிற்பாடு எந்தக் கோட்பாட்டைக் கொண்டு விளக்கினாலும், அந்த அரைப் பக்கத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ள அது உதவும்.

இரண்டாம் முறை ஒலியை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். இசையின் தயவு இல்லாமல் போனதும், வெறும் கதவும் வெறும் நடைபாதையும் எவ்வளவு நேரம் காட்டப்படுகின்றன, கேமரா யாருடைய கண்ணாக நகர்கிறது, நாயகியின் முகத்துக்கு எத்தனை க்ளோஸ்-அப், வேலைக்காரப் பெண்ணுக்கு எத்தனை என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். மூன்றாம் முறை திரையை மூடிவிட்டுக் கேட்க மட்டும் செய்யுங்கள். தமிழ்ப் பேய்ப் படத்தின் பாதி வேலை ஒலியில் நடக்கிறது. கொலுசு, ஊஞ்சல் சங்கிலி, மிக்ஸி, தொலைக்காட்சித் தொடரின் தலைப்புப் பாடல் எனத் தினமும் கேட்கும் ஒலிகளை எடுத்துத்தான் அது மிரட்டுகிறது. பூசாரி வரும் காட்சிகளில் உடுக்கையும் பம்பையும் பின்னணி இசைக்குள் எங்கே நுழைகின்றன என்பதைத் தனியாகக் குறியுங்கள். நம் ஊர்களில் பம்பை கல்யாண வீட்டிலும் ஒலிக்கும், காப்புக் கட்டிய தெருவிலும் ஒலிக்கும். படத்தின் இசையமைப்பாளர் அதைப் பயத்துக்கு மட்டுமே பயன்படுத்தியிருந்தால், அவர் எந்த ரசிகரை மனத்தில் வைத்து அமைத்தார் என்ற கேள்வி எழுகிறது.

இதற்குப் பிறகுதான் பதிவேடு. நேரம், இடம், யார் இருக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள், என்ன கேட்கிறது, என்ன நடக்கிறது என்று கட்டம் போட்டுக்கொண்டு காட்சி காட்சியாக நிரப்புங்கள். முழுப் படத்துக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. உங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புடைய காட்சிகளுக்கும், இடைவேளைக்கு முந்தைய காட்சிக்கும், முடிவுக்கும் செய்தால் போதுமானது. இடைவேளையை ஏன் சொல்கிறேன் என்றால், மேல்நாட்டுத் திரைக் கோட்பாடுகள் படம் ஒரே ஓட்டமாக ஓடுவதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நம் படங்களில் பெரும்பாலும் இடைவேளை வரை பேய் இருக்கிறதா இல்லையா என்ற ஐயம். இடைவேளையில் அது உறுதியாகிறது. அதற்குப் பிறகு ஃப்ளாஷ்பேக். பயம் முதல் பாதியிலும் நியாயம் இரண்டாம் பாதியிலும் வைக்கப்படுகின்றன.

பேயின் மனு

இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: தமிழ்ப் பேயை ஒரு மனுதாரராகப் பாருங்கள். சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் கையில் தாளோடு வரிசையில் நிற்பவரைப் போல, இந்தப் பேய்களும் ஒரு குறையைச் சொல்ல வந்திருக்கின்றன. எல்லா அலுவலகமும் கைவிரித்த பிறகு வந்திருக்கின்றன. எனவே ஒவ்வொரு படத்துக்கும் நான்கு செய்திகளை எழுதிக்கொள்ள வேண்டும்: பேயின் குறை என்ன, எதிர்த்தரப்பு யார், யார் முன்னிலையில் அது சொல்லப்படுகிறது, என்ன தீர்வு கிடைக்கிறது.

இந்த வழக்கு மொழி நானாக ஏற்றியதன்று. அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் இடையில் இருக்கும் திருவாலங்காடும் அதையொட்டிய பழையனூரும் ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. பழையனூர் நீலியின் கதை சம்பந்தர் தேவாரத்திலேயே சுட்டப்படுகிறது. வஞ்சித்துக் கொல்லப்பட்ட பெண், பேயாகி, கொன்றவன் அடுத்த பிறவியில் வணிகனாகப் பிறந்தபோதும் அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டுப் போகிறான் என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறாள். எழுபது வேளாளர்கள் கூடி வழக்கைக் கேட்டு, அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி, வணிகனின் உயிருக்குத் தாங்களே பிணை நிற்கிறார்கள். இரவில் அவள் அவனைக் கொன்றுவிட, எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். இருட்டில் பாய்ந்து கொல்லும் வலிமை நீலிக்கு இருந்தும் அவள் சபைக்குப் போகிறாள் என்பதைக் கவனியுங்கள். சாட்சி வைக்கிறாள், குழந்தையைக் காட்டுகிறாள், அழுகிறாள், தீர்ப்பு வாங்குகிறாள். அதன் பிறகே கொலை. (அதே ஆலங்காட்டில்தான் பேய் உருவை விரும்பிக் கேட்டுப் பெற்ற காரைக்கால் அம்மையார் இறைவனின் ஆடலைப் பாடிக்கொண்டிருந்தார் என்பது மரபு. ஓர் ஊருக்கு இப்படி இரண்டு பேய்கள் அமைந்தது பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்.)

இனி இந்தக் கண்ணோடு 'சந்திரமுகி'யின் ஒரு காட்சியை நெருங்கிப் பார்ப்போம். நாயகி கங்கா வெளியே புறப்பட நிற்கிறாள். கணவன் போக வேண்டாம் என்கிறான். அதுவரை மென்மையாகப் பேசிக்கொண்டிருந்தவளின் குரல் தடிக்கிறது, கண் விரிகிறது, சட்டென்று குனிந்து கட்டிலை ஒரு கையால் தூக்குகிறாள். அந்தப் படத்தில் பலருக்கும் நினைவில் நிற்கும் இடம் இது. நடிப்புக்காக நினைவில் நிற்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். பதிவேட்டில் எழுதும்போது வேறு இரண்டு செய்திகள் தெரிகின்றன. சந்திரமுகியின் அறையிலோ நாட்டியத்திலோ இல்லாமல், கணவன் மனைவிக்கு வெளியே போக அனுமதி மறுக்கும் அன்றாடக் கணத்தில் பேய் வெடிக்கிறது. தூக்கப்படுவது மேசையாகவோ நாற்காலியாகவோ இல்லாமல் படுக்கையறைக் கட்டிலாக இருக்கிறது. அரசன் தூக்கிவந்து அடைத்து வைத்து எரித்த நாட்டியக்காரியின் குறையும், படித்த இளம் மனைவியின் சொல்லப்படாத குறையும் அந்த ஒரு நொடியில் ஒரே தாளில் எழுதப்பட்டுவிடுகின்றன. தீர்வு எப்படி வருகிறது? அரசனுடைய உருவப் பொம்மையை அழிக்க வைத்து, பழி தீர்ந்துவிட்டது என்று அவளை நம்ப வைக்கிறார்கள். நாட்டியக்காரிக்கு ஒரு நாடகத் தீர்ப்புக் கிடைக்கிறது. மனைவியின் குறையோ விசாரணைக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. அவள் குணமாகிவிட்டாள் என்று படம் மகிழ்கிறது. நான் அவ்வளவு மகிழவில்லை. நீங்கள் மகிழ்ந்தால், ஏன் என்று காட்சியை வைத்தே எதிர்வாதம் எழுதுங்கள். ஆய்வு என்பது அப்படித்தான் நகரும்.

'காஞ்சனா'வில் (2011) குறை வெளிப்படையாகவே சொத்துக் குறை. ஒரு திருநங்கை, தான் வளர்த்து மருத்துவம் படிக்க வைத்த இன்னொரு திருநங்கைக்காக வாங்கிய நிலத்தை அரசியல்வாதி ஒருவர் அபகரித்துக் கொல்கிறார். 'பிசாசு' (2014) இன்னும் சுவையானது. பேய்க்கு நியாயம் தேடி அலையும் நாயகனே எதிர்த்தரப்பாகிவிடுகிறான், மனுதாரரோ அவனை மன்னிக்கிறாள். இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்தாலே, தீர்வு என்னும் கட்டத்தில் என்னென்ன எழுதலாம் என்பதன் வீச்சு விளங்கிவிடும்.

கோட்பாடுகளை எந்த அளவுக்கு நம்புவது

தொடக்கநிலை மாணவர் நான்கு பெயர்களை அறிந்திருந்தால் போதும். ராபின் வுட் 1979-இல் எழுதிய கட்டுரை, இயல்பு வாழ்க்கையை அரக்கன் அச்சுறுத்துகிறான் என்ற எளிய சூத்திரத்தை வைத்து, சமூகம் அமுக்கி வைத்தவைதான் அரக்க உருவில் திரும்பி வருகின்றன என்று வாதிட்டது. நோயல் கரோல் 1990-இல், அரக்கன் நம்மை அஞ்ச வைப்பதோடு அருவருக்கவும் வைக்கிறான், ஏனென்றால் நாம் வகுத்து வைத்த வகைகளுக்குள் அவன் அடங்குவதில்லை என்றார். கேரல் குளோவர் 1992-இல், கொலைகாரனிடமிருந்து இறுதிவரை தப்பி நிற்கும் ஒற்றைப் பெண்ணைப் பற்றியும், ஆண் பார்வையாளர் அவளோடு ஒன்றிப்போவதைப் பற்றியும் எழுதினார். பார்பரா கிரீட் 1993-இல், பேறு, இரத்தம், தாய்மை என்று பெண்ணுடலையே அரக்கத்தனமாகக் காட்டும் போக்கை ஆராய்ந்தார். இவர்களில் வுட் நமக்கு மிகவும் உதவுவார். குளோவரின் பெண்ணைத் தமிழ்ப் படங்களில் வலிந்து தேட வேண்டாம். அவள் வேறு வகைப் படத்துக்குச் சொந்தக்காரி.

கரோலிடம்தான் நமக்குச் சண்டை இருக்கிறது. இறந்தவர் திரும்பி வருவதே வகை மீறல், ஆகவே அருவருப்பு என்பது அவர் கணக்கு. வட ஆற்காட்டிலும் தென் ஆற்காட்டிலும் பூவாடைக்காரி வழிபாடு நடத்தும் வீட்டில் பிறந்தவருக்கு இந்தக் கணக்கு இடிக்கும். கல்யாணத்துக்கு முன்பு, அந்த வீட்டில் இறந்துபோன பெண்ணை நீர்நிலையிலிருந்து பம்பை முழக்கத்தோடு அழைத்து, பூவும் புடவையும் வைத்துப் படையலிட்டு, ஆசி கேட்கிறார்கள். இறந்தவர் வருவது அங்கே நல்ல செய்தி, வராவிட்டால்தான் கவலை. ஆக, திரும்பி வருவதால் ஒருவர் பேயாவதில்லை. அழைத்தால் வருபவர் பூவாடைக்காரி. அழைக்காமல், கேட்பாரில்லாமல், குறையோடு வருபவர் பேய். கிரீடைப் படிக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. வெட்டுண்ட பெண் தலை என்பது மேல்நாட்டுப் படத்தில் அருவருப்பின் உச்சம். குடியாத்தத்திலோ வைகாசி முதல் நாள் கெங்கையம்மனின் சிரசை ஊர்வலமாக எடுத்து வந்து வேறோர் உடலில் பொருத்துகிறார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு சனம் அதைப் பார்க்க நிற்கிறது. மாசி அமாவாசையில் பாலாற்றங்கரையில் நடக்கும் மயானக் கொள்ளையில் காளி வேடங்களுக்கு நடுவே பொரிகடலை விற்பனையும் நடக்கிறது. கோரமான உருவம் என்றால் பயம் என்று எழுதும் முன் இந்த இரண்டையும் ஒரு முறை நேரில் பார்த்துவிடுங்கள்.

களத்திலிருந்து வந்த ஆய்வு நூல்களில் இசபெல் நபோகோவ் 2000-இல் வெளியிட்ட நூல் நம் பகுதிக்கு மிக அருகில் இருப்பது. தென் ஆற்காட்டுச் சடங்குகளைப் பற்றியது. அவர் கண்ட பேய்பிடித்தல்களில் பிடிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் புதிதாகத் திருமணமான இளம்பெண்கள். பிடித்தவர்கள் அகால மரணமடைந்த ஆண்கள், அவர்களிலும் தற்கொலை செய்துகொண்டவர்கள் பலர். திரையில் இது தலைகீழாக இருக்கிறது. நம் படங்களில் பேய் பெரும்பாலும் பெண். 'காஞ்சனா'வில் அது ஓர் ஆணின் உடலுக்குள்ளேயே புகுகிறது. ஊரில் செத்த ஆண்கள் உயிரோடிருக்கும் பெண்களைப் பிடிக்க, திரையில் செத்த பெண்கள் உயிரோடிருப்பவர்களைத் துரத்துகிறார்கள். இந்தத் திருப்பம் எப்போது, யாருக்காக நடந்தது? நீலிக் கதையின் வழியாக வந்ததா, அல்லது நாயகியின் முகம் சுவரொட்டிக்கு வேண்டும் என்ற வணிகக் கணக்கில் வந்ததா? இதற்கு விடை எழுத முயல்பவருக்கு முனைவர் பட்டத்துக்கே விஷயம் இருக்கிறது.

ஆண்டுகளைச் சரிபார்த்தல்

படத்தையும் காலத்தையும் முடிச்சுப் போடும்போதுதான் மாணவர் கட்டுரைகள் அதிகமாகச் சறுக்குகின்றன. நல்ல முடிச்சுக்கு ஓர் எடுத்துக்காட்டு ஜப்பானிய 'காட்ஜில்லா'. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்று கதிர்வீச்சுக்கு ஆளானது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான படம், குண்டுச் சோதனையால் கிளம்பிய விலங்கு கடலில் கப்பல்களை அழிப்பதிலிருந்து தொடங்குகிறது. தேதியும் பொருந்துகிறது, திரையிலேயே சான்றும் இருக்கிறது.

'காஞ்சனா'வுக்கு வருவோம். 2011 மே மாதத்தில் ஆட்சி மாறிய பிறகு, நில அபகரிப்பு வழக்குகளுக்கெனக் காவல்துறையில் தனிப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. படம் அதே ஆண்டு ஜூலையில் வெளியானது. எனவே படம் அந்த நடவடிக்கையின் எதிரொலி என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் கதையும் படப்பிடிப்பும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆகவே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லாமல், நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற அச்சம் அரசியல் மேடையிலும் திரையிலும் ஒரே காலத்தில் பேசப்பட்டது என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கும் அந்த ஆண்டுகளின் நாளிதழ்களைப் புரட்டிச் சான்று காட்ட வேண்டும். 'யாவரும் நலம்' (2009) தொலைக்காட்சிப் பெட்டிக்குள் பேயை வைத்தது என்பதற்காக, 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தோடு அதை இணைப்பதும் அவசரமே. அந்தப் படத்தின் குடும்பம் புதிதாக அடுக்குமாடி வீடு வாங்கிக் குடிபோகும் நடுத்தரக் குடும்பம். பிற்பகல் நெடுந்தொடரை வீட்டுப் பெண்கள் தவறாமல் பார்ப்பது என்ற பழக்கத்தோடு அதை இணைத்தால் கூடுதல் பலன் கிடைக்கும்.

பணக் காரணங்களையும் விட்டுவிடாதீர்கள். தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்குப் பெற, 2011-இல் யு சான்றிதழும் ஒரு நிபந்தனையாக்கப்பட்டது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை அந்த ஏற்பாடு தொடர்ந்தது. சிரிப்பும் பேயும் கலந்த படங்கள் வரிசைகட்டி வந்ததும் இதே ஆண்டுகளில்தான். குழந்தைகளோடு குடும்பமாகப் பார்க்கக்கூடிய அளவுக்குப் பயத்தைக் குறைத்துச் சிரிப்பை ஏற்றியதில் இந்த நிபந்தனைக்குப் பங்கு உண்டா என்பதை, ஒவ்வொரு படத்தின் தணிக்கைச் சான்றிதழையும் பார்த்துப் பட்டியலிட்டுத்தான் சொல்ல முடியும். சான்றிதழ் படத்தின் தொடக்கத்திலேயே காட்டப்படுகிறது; நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள். பழைய இதழ்களும் பாட்டுப் புத்தகங்களும் வேண்டுமென்றால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் காட்பாடியிலிருந்து காலை ரயிலில் போய் மாலை திரும்பிவிடலாம். போவதற்கு முன் என்னென்ன ஆண்டுகள் வேண்டும் என்று எழுதிக்கொண்டு போங்கள்.

திரையரங்கிலும் வீட்டிலும்

பார்வையாளர் ஆய்வு செய்பவர்கள் திரையரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்து, எந்த இடத்தில் கூட்டம் கத்துகிறது, எந்த இடத்தில் கைபேசியை எடுக்கிறது, எங்கே விசில் வருகிறது என்று நேரத்தோடு குறிக்கலாம். சித்திரை வெயிலில் ஏசிக்காகவே வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்பதை வேலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரையைக் கைபேசியில் பதிவு செய்யவே கூடாது. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி அதற்குக் குறைந்தது மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆய்வுக்காக என்று சொன்னால் எவரும் விட்டுவிட மாட்டார்கள்.

நேர்காணலில் இன்னும் கவனம் வேண்டும். பேய்ப் படம் பற்றிக் கேட்கப் போனால், பேச்சு தானாகவே வீட்டில் நடந்த ஒன்றுக்குத் திரும்பும். யாரோ ஒரு சித்திக்குப் பிடித்தது, கோயிலுக்குக் கூட்டிப்போனது, பிறகு பாகாயத்தில் மனநல மருத்துவரிடம் காட்டியது என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அந்த இடத்தில் பதிவுக் கருவியை நிறுத்திவிட்டு, இதை எழுதலாமா என்று கேளுங்கள். சம்மதித்தாலும் பெயர், தெரு, கோயில், ஆண்டு எதுவும் அடையாளம் காட்டாதபடி மாற்றி எழுதுங்கள். நோய் என்றோ நடிப்பு என்றோ நீங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உங்களுக்கு அந்தத் தகுதியும் இல்லை, ஆய்வுக்கு அது தேவையும் இல்லை. பேய் பிடித்தவர் முன் அமர்ந்து, படத்தில் வருவது போல இருந்ததா என்று கேட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். அவரிடம் படத்தைப் பற்றிக் கேளுங்கள், அவரைப் பற்றி அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதும்போது

கதைச் சுருக்கத்தை ஒரு பத்திக்குமேல் நீட்டாதீர்கள். படத்தின் பெயரை முதல் முறை சொல்லும்போது இயக்குநரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். காட்சியைக் குறிப்பிடும் இடத்தில் மணி, நிமிடம், நொடி தருவது நல்லது. தளம் மாறினால் நேரம் மாறும் என்பதால் எந்தப் பதிப்பு என்பதை முன்னுரையிலேயே தெரிவித்துவிடுங்கள். வசனத்தைச் சப்டைட்டிலிலிருந்து எடுக்காமல் காதால் கேட்டு எழுதுங்கள், ஏனென்றால் பேயின் வட்டார வழக்கையும் வசையையும் சப்டைட்டில் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. ஆங்கிலக் கோட்பாட்டுச் சொற்களுக்கு நீங்கள் தேர்ந்த தமிழ்ச் சொல் எதுவாக இருந்தாலும் கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். வாதத்துக்கு எதிராக நிற்கும் காட்சி ஒன்று ஒவ்வொரு படத்திலும் இருக்கும். அதை ஒளிக்காமல் ஓர் இயல் நடுவே வைத்து, அங்கே உங்கள் விளக்கம் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று காட்டுங்கள். வரைவு முடிந்ததும், முதல் முறை பார்த்தபோது எழுதிய அரைப் பக்கத்தைப் பின்னிணைப்பில் திருத்தாமல் சேர்த்துவிட்டு நெறியாளரிடம் கொடுங்கள்.